டெரி மதிலில் ஒரு மழைநாள், கையில் ஒருமுறை விசா

சென்ற ஆண்டு ஒக்டோபர் கடைசியில், பள்ளிக்கூட விடுமுறை வாரத்தில், நானும் இவரும் அயர்லாந்துக்குப் போய்வந்தோம். மூன்று நாள் பயணம். அதில் நடு நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குப் பயம்தான் காரணம். சோம்பல் என்று நினைத்துக் கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவேண்டும்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக: நான் பாரிஸ் லாச்சப்பலில் ஒரு பயண முகவர் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். விமான ரிக்கெற் போடுவது பாதி வேலை. மறுபாதி, சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. விசாப் படிவம், வீட்டுப் படிவம், பிள்ளைக் கொடுப்பனவுப் படிவம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இவர், அதாவது என் கணவர் தயாளன், ஓர் உணவகக் குசினியில் வேலை. வீடு பாரிசுக்கு வெளியே செவ்ரானில். மகள் ஆரணிக்குப் பத்து வயது.

கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்தில் சுவிஸ், ஜேர்மனி, நோர்வே என்று நாங்கள் போன நாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் யாரோ ஒருவரின் கல்யாணம், சாமத்தியவீடு, இல்லாவிட்டால் செத்தவருக்கு அந்தியேட்டி. அந்த நாடுகளில் நான் பார்த்தவை மண்டபமும் மண்டபத்துக்குப் பக்கத்துக் கார்த் தரிப்பிடமும்தான். "இந்தமுறை எங்கட சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத நாடாப் பாரும்" என்று இவர் சொன்னார். இரண்டு நாள் யோசித்து அயர்லாந்தைக் கண்டுபிடித்தேன். ஆரணியை இவரின் தங்கை வீட்டில் விட்டோம்.

இனிக் கடதாசி விஷயம். எங்கள் இருவரிடமும் இருப்பது பிரெஞ்சு அரசு அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம். அதைக் கொண்டு அயர்லாந்து போக விசா வேண்டும். படிவத்தில் ஒருமுறை நுழைவு, பலமுறை நுழைவு என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒருமுறைக்கு ஆளுக்கு அறுபது யூரோ, பலமுறைக்கு நூறு. ஒருதரம்தானே போகிறோம் என்று ஒருமுறையில் குறி போட்டேன். ஏழு வாரத்தில் விசா வந்தது. அதே நேரம் எங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பமும் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பயணம் முடிந்து மூன்றாவது வாரம் பொபினி அரச அலுவலகத்தில் நேர்முகம். மூன்று வருடம் ஓடித்திரிந்து சேர்த்த கோப்பு அது. வெளிநாட்டில் எங்கள் பெயரில் ஒரு சிறு சிக்கல் பதியப்பட்டாலும் அது அங்கே வந்து நிற்கும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

இரண்டாம் நாளுக்கு இவர் ஆசைப்பட்டது டெரி. சுற்றிவரக் கோட்டை மதில் முழுதாக நிற்கும் பழைய நகரம், மதிலின் மேலே நடக்கலாம், கட்டணம் இல்லை என்று ஏதோ காணொளியில் பார்த்திருக்கிறார். டப்ளினிலிருந்து நேர் பஸ். 235 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். போய்வர ஆளுக்கு 36 யூரோ. பாரிசிலேயே கடைக் கணினியில் வாங்கி, ரிக்கெற்றைப் படமாக எடுத்து இவருடைய தொலைபேசிக்கு அனுப்பியிருந்தேன். நாட்டுக்குள் ஓடும் பஸ்தானே என்று வேறு எதையும் பார்க்கவில்லை.

காலை 7.15க்கு பஸ் புறப்பட்டது. நல்ல மழை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததில் வெளியே மாடும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. கொண்டுபோன இடியப்பத்தை எட்டு மணிக்கே முடித்துவிட்டு இருவரும் நித்திரையாகிவிட்டோம். ஒன்பதரைக்கு மேல் இவருடைய தொலைபேசியில் ஏதோ செய்தி வந்த சத்தம் கேட்டது. இவர் பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிட்டார். நான் திரும்பவும் கண்ணை மூடினேன்.

11.20க்கு டெரி வந்து சேர்ந்தோம். பஸ் நிலையத்திலிருந்து மதிலுக்கு நடந்தால் மூன்று நிமிடம். மழை மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வந்தது. குடை விரித்த உடனேயே மறுபக்கம் மடிந்தது. முதலில் சூடாக ஏதாவது குடிப்போம் என்று மதில் வாசலுக்குக் கிட்ட ஒரு சின்னத் தேநீர்க்கடைக்குள் போனோம். இரண்டு தேநீர், ஒரு கேக் துண்டு. இவர் பத்து யூரோத் தாளை நீட்டினார்.

கடைக்காரப் பெண் தாளைப் பார்த்துச் சிரித்தாள். "இங்கே பவுண்ஸ்தான். பரவாயில்லை, கார்டில் கட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

கார்டை இயந்திரத்தில் வைக்கும்போதுதான், பவுண்ஸ் எந்த நாட்டுக் காசு என்று எனக்குப் பொறி தட்டியது. மேசையில் போய் இருந்தவுடன் இவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். ஐக்கிய இராச்சியத்துக்கு உங்களை வரவேற்கிறோம் என்று பிரெஞ்சில் ஒரு செய்தி.

"இது எப்ப வந்தது?"

"காலமை பஸ்சுக்கை. விளம்பரமெண்டு நினைச்சன்."

"நாங்கள் இப்ப லண்டன்காரன்ரை நாட்டிலை நிக்கிறம்."

"விசர்க்கதை கதையாதையும். எங்களை ஒருத்தரும் மறிக்கேல்லையே."

மறிக்கமாட்டார்கள். தீவின் வடக்குத் துண்டு பிரித்தானியாவுக்குச் சொந்தம். நடுவில் எல்லை உண்டு, ஆனால் சாவடி கிடையாது. எனக்கு வடக்கைப் பற்றித் தெரியாமல் இல்லை. பெல்பாஸ்ட் அந்தப் பக்கம் என்று தெரியும், யாரும் கேட்டால் சொல்லியும் இருப்பேன். டெரியும் அந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியாது. ரிக்கெற்றில் டெரி என்றுதான் இருந்தது. பிரித்தானிய அரசுப் பதிவில் ஊரின் பெயர் லண்டன்டெரியாம். அந்த முன்பாதியைக் கண்டிருந்தால் நான் பஸ்சில் காலே வைத்திருக்கமாட்டேன்.

வாசிப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பிரித்தானிய விசா இல்லை. ஆகவே டெரியில் நிற்க எங்களுக்கு உரிமையில்லை. அயர்லாந்து விசா ஒருமுறைக்கு உரியது, அதை முதல் நாளே டப்ளின் விமான நிலையத்தில் பாவித்துவிட்டோம். நாட்டைவிட்டு வெளியே வந்துவிட்டபடியால் திரும்பி உள்ளே போகவும் உரிமையில்லை. அந்தப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் கடைக்கு வந்த ஒருவருக்கு, "அண்ணை, படிவத்தை வடிவா வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ" என்று நான் பாடம் எடுத்திருந்தேன். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவளின் லட்சணம் அது.

திரும்பும் பஸ் 15.45க்கு. அதற்கு முன்னால் வேறு இல்லை. மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. என் மனம் நேரே பொபினிக்குப் போய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி எங்கள் கோப்பைத் திறந்து, இது என்ன என்று கேட்பதுபோல இருந்தது. எங்களோடு சேர்த்து ஆரணியின் பெயரும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரும் என் ஒரு குறியால் கெடப்போகிறதே என்று நினைக்க அழுகை வந்தது.

"இஞ்சை இருந்து அழுதால்தான் ஆக்கள் பாப்பினம்" என்றார் இவர். "வாரும், மதிலுக்கு ஏறுவம். மற்றச் சனம் மாதிரி நடப்பம். நடந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அப்படித்தான் மதிலில் ஏறினோம். சுற்றளவு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர். நாலு நூற்றாண்டுப் பழசு. மேலே இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடிய அகலம். பழைய பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஆறுதலாக நடந்தால் ஒரு மணித்தியாலம். நாங்கள் இருபத்தைந்து நிமிடத்தில் சுற்றினோம். ஒரு பக்கம் தேவாலயக் கூரை, மறுபக்கம் சரிவில் வீடுகளும் சுவர் ஓவியங்களும். வெயில் நாளில் மிக அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் படியால் இறங்கலாம், எந்த மூலையில் கமரா இருக்கிறது என்பதுதான்.

மூன்றாவது வளைவில் இரண்டு பொலிஸ்காரர் எதிரே வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். திரும்பிப் போனால் சந்தேகம், நின்றாலும் சந்தேகம். இவர் சட்டென்று தொலைபேசியை எடுத்துப் பீரங்கியைப் படம் பிடிக்கத் தொடங்கினார். மழையில் பத்துப் படமாவது எடுத்திருப்பார், ஒரே பீரங்கியை.

அந்தப் பெண் பொலிஸ் கிட்ட வந்து, "இப்படியொரு நாளில் வந்திருக்கிறீர்களே, பாவம். இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லும் தைரியம்கூட வரவில்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். சிரியுங்கள் என்றாள். சிரித்தோம். தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, வழி ஏதும் தெரியவேண்டுமா, எங்கே போகிறீர்கள் என்றும் கேட்டாள். இவர் "நோ, நோ, தாங்க் யூ" என்று நாலுதரம் சொன்னார். அவர்கள் போய் மறைந்த பிறகு பீரங்கிச் சில்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன்.

மிகுதி நேரத்தைக் கில்ட்ஹால் எனும் பழைய நகர மண்டபத்தில் கழித்தோம். மதிலுக்கு வெளியே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. வண்ணக் கண்ணாடி யன்னல்கள் பெயர்போனவை. ஒரு மணித்தியாலம் அவற்றுக்குக் கீழே இருந்தேன். என்ன படம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசல் கதவு எத்தனைமுறை திறந்தது என்று கேட்டால் சொல்வேன்.

இவர் கழிவறைக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் கழித்து வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்" என்றார் மெதுவாக.

"எதை?"

"படங்கள். தேத்தண்ணிக் கடை பில் துண்டையும் கிழிச்சுப் போட்டன். நாங்கள் இஞ்சை வந்ததுக்கு இனி ஒண்டும் இல்லை."

இவர் வன்னியிலிருந்து வந்தவர். யுத்தகாலத்தில் ஓமந்தை இராணுவச் சாவடி வருவதற்கு முன்னால் பொக்கெற்றைத் துடைத்து, படம், தொலைபேசி இலக்கம், துண்டுக் கடதாசி எல்லாவற்றையும் இல்லாமல் செய்து பழகிய கை. எந்தப் படத்தில் எந்த முகம் யாருக்குப் பிடிக்காமல் போகும் என்று தெரியாத காலம் அது. பதினைந்து வருடம் பிரான்சில் மரக்கறி வெட்டினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது.

"ரிக்கெற்றும் படமாத்தானே இருந்தது?"

இவர் தொலைபேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொலைபேசியின் குப்பைப் பெட்டியிலிருந்தும் அழித்துவிட்டாராம். மற்றப் பிரதி பாரிசில், கடைக் கணினியில். இந்த மனிசன் எதையும் அரைகுறையாகச் செய்யாது.

15.30க்குப் பஸ் நிலையத்தில் நின்றோம். புது ரிக்கெற் வாங்கலாம் என்றால், பஸ்சில் இடம் முடிந்துவிட்டது என்று பலகை சொன்னது. எங்கள் இரண்டு இருக்கையும் எங்கள் பெயரிலேயே நிரம்பியிருந்தன. எல்லோரும் ஏறி முடியும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, ஓட்டுநரிடம் போனேன். காலையில் வந்த அதே ஆள், நரைத்த மீசை.

"ரிக்கெற் தொலைபேசியில் இருந்தது. அழிந்துவிட்டது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எப்படி அழிந்தது?"

"என் கணவர் அழித்துவிட்டார்."

"எதற்கு?"

அதற்கு என்னிடம் ஆங்கிலத்தில் பதில் இல்லை. தமிழில் இருந்தது, ஆனால் நீளம். அவர் எங்கள் நனைந்த உடுப்பைப் பார்த்தார். பெயரைக் கேட்டு, தன்னிடமிருந்த பட்டியலில் விரலை ஓட்டினார். "காலையில் பின்னால் இருந்து நன்றாகத் தூங்கினவர்கள் நீங்கள்தானே. ஏறுங்கள்" என்றார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

திரும்பும்போது நித்திரை வரவில்லை. இம்முறை எல்லாம் கண்ணில் பட்டது. வேகப் பலகையில் மைல். கடைகளில் பவுண்ஸ். இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியபின் பலகைகளில் கிலோமீற்றரும் ஐரிஷ் எழுத்தும் வந்தன. எல்லை அவ்வளவுதான். ஒரு கதவோ ஒரு கயிறோ இல்லை. இவர் என் கையைப் பிடித்து, "முடிஞ்சுது" என்றார்.

முடியவில்லை. 17.40க்கு மொனஹன் என்ற ஊரில் பஸ் நின்றபோது இரண்டு அதிகாரிகள் ஏறினார்கள். எப்போதும் வருவதில்லையாம், சில நாள் வருவார்களாம். முன் வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பத்திரம் கேட்டார்கள். எங்களுடையது பதினொன்றாவது வரிசை. யாரும் கேட்டால் மொனஹனில் ஏறினோம் என்று சொல்வதாக இவர் மதிலில் நடந்தபோதே பாடமாக்கியிருந்தார். இப்போது பஸ் நிற்பதே மொனஹன்தான். அவருடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மதிலில் அவ்வளவு நேரம் என்னைத் தேற்றிய மனிதர்.

அதிகாரி எங்கள் புத்தகங்களைத் திறந்து விசாவைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. அது நேர்மையால் அல்ல, பொய்க்கு வேண்டிய ஆங்கிலம் அந்த நேரம் வரவில்லை. "டெரி. மதில் பார்க்கப் போனோம். அது வேறு நாடு என்று தெரியாது. தேநீர் வாங்கும்போதுதான் தெரிந்தது" என்றேன். பாரிசுக்கு மறுநாள் திரும்பும் விமானச் சீட்டை நீட்டினேன். அது கடதாசியில் இருந்தபடியால் தப்பியிருந்தது.

அதிகாரி சீட்டின் தேதியைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து எங்கள் பெயர்களை எழுதினார். பிறகு புத்தகங்களைத் திருப்பித் தந்தார். "நாளைக்கு ஒழுங்காக வீட்டுக்குப் போங்கள். அடுத்த தடவை மற்றக் கட்டத்தில் குறி போடுங்கள்" என்றார். பன்னிரண்டாவது வரிசைக்குப் போய்விட்டார்.

டப்ளினுக்கு 19.50க்கு வந்தோம். சாப்பிடவில்லை. மறுநாள் விமான நிலையத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பாரிசுக்கு வந்தும் அந்தக் கொப்பி என்னை விடவில்லை. அந்தப் பக்கத்தை யார் திறப்பார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று ஒவ்வொரு நாளும் தபால்பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்தேன். பொபினி நேர்முகத்தில் அதிகாரி அம்மா ஆறுகளின் பெயர் கேட்டார், குடியரசு பற்றிக் கேட்டார், கடைசியாக எங்காவது பயணம் போனீர்களா என்றார். அயர்லாந்து என்றேன். அங்கே எப்படி என்றார். மழை என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சென்ற மாதம் குடியுரிமைக் கடிதம் வந்தது. மூன்று பேரின் பெயரும் அதில் இருக்கின்றன. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: டெரிக்கு அவசியம் போங்கள். ஆனால் அகதிப் பயணப் புத்தகத்தில் போகிறவர்கள் அயர்லாந்துக்குப் பலமுறை விசாவும் பிரித்தானியாவுக்குத் தனி விசாவும் எடுத்துக்கொண்டு போங்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் வடக்கே போகமுன் இணையத்தில் பிரித்தானியப் பயண அனுமதி எடுக்கவேண்டும். விதிகள் மாறும், புறப்படமுன் திரும்பவும் பாருங்கள். குடை வேண்டாம், தொப்பி வைத்த மழைச்சட்டை கொண்டுபோங்கள். ரிக்கெற்றைக் கடதாசியில் அச்சடியுங்கள், முக்கியமாக உங்கள் மனிசன் வன்னியென்றால்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. இவர் அழித்த படங்கள் முழுதாக அழியவில்லை. கில்ட்ஹால் வைஃபையில் அவை ஏற்கெனவே வீட்டு ரப்லெற்றுக்குப் போய்விட்டன. கடிதம் வந்த அன்று ஆரணி அதில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பீரங்கிக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும், நனைந்து, பல் தெரிய.

"ஏன் ரெண்டு பேரும் இப்பிடி நிக்கிறீங்கள்? ஆர் எடுத்தது?"

"ஒரு பொலிஸ்" என்றேன். வழி தெரியவேண்டுமா என்று அவள் கேட்டதையும் சேர்த்து, முழுக் கதையையும் சொன்னேன்.

பிள்ளை நெற்றியைச் சுருக்கினாள். "பூர்குவா? ஏன்? அவவிட்டையே கேட்டிருக்கலாமே, நாங்கள் பிழையா வந்திட்டம், என்ன செய்யிறதெண்டு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் குசினிக்குள் போய்விட்டார். அப்படியொரு வழி இருந்தது என்று அந்த நாள் முழுவதும் எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

போன சனிக்கிழமை ஆரணியோடு கார்-து-நோர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். வாசலுக்குக் கிட்ட இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். ஒன்பது வருடமாக அவர்களைக் கண்டால் மற்றப் பக்கத்தால் நடக்கிறவள் நான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே போய், லாச்சப்பலுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். ஒருவர் கையை நீட்டி, வெளியே போய் இடது பக்கம், பிறகு நேரே, ஏழெட்டு நிமிடம் என்றார். நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.